கான்ஃபிக் பிழைச்செய்திகளைத் தெளிவாக்குவது எப்படி? சர்வர் மென்பொருள் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கான்ஃபிக் என்பது சர்வர் எப்படி இயங்க வேண்டும் என்ற செட்டிங்குகளை எழுதி வைக்கும் கோப்பு. சர்வர் நிரல் "கான்ஃபிக் தவறு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டால், அதை நிறுவுகிறவர் கோப்பின் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கண்ணால்தான் தேட வேண்டும். கோப்பு முந்நூறு வரி, அது இன்னும் பத்துக் கோப்புகளை இன்க்ளூட் செய்கிறது (தனக்குள் இழுத்துக்கொள்கிறது) என்றால் நிலைமை இன்னும் மோசம். தவறு எங்கே என்பது நிரலுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டதுதான் குறை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாக்கியத்தைத் திருத்துவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது நடுவில் வர வேண்டிய வேலை. வரி எண்ணே கையில் இல்லாதபோது வாக்கியத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் படிப்பவருக்குப் பயன் இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குமுன் மூன்று விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் நிரல் ஏற்கும் எல்லா செட்டிங்குகளின் பட்டியல்: பெயர், எந்தப் பிரிவில் வரலாம், என்ன வகை மதிப்பு, எல்லை என்ன. இது கோடில் பத்து இடத்தில் சிதறிக் கிடந்தால் முதலில் ஒரே அட்டவணையாக ஆக்குங்கள். 4, 5ஆம் படிகள் இதை நம்பியே இருக்கின்றன. இரண்டு, நீங்கள் பயன்படுத்தும் பார்சர் (கோப்பைப் படித்து மதிப்புகளாக மாற்றும் பகுதி) வரி எண்ணைத் தருமா, எந்த அளவுக்குத் தரும் என்ற தெளிவு. மூன்று, பயனர்கள் உங்களிடம் கேட்ட பழைய கேள்விகள்.

உதாரணச் செய்திகளை இங்கே தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் நிரல் எந்த மொழியில் பேசினாலும் கட்டமைப்பு இதுதான்.

1. பழுதான கோப்புகளைச் சேர்த்து வையுங்கள்

ஒரு கோப்பில் ஒரே ஒரு தவறு என்ற கணக்கில் பழுதான கான்ஃபிக் கோப்புகளை எழுதி ஒரு ஃபோல்டரில் போடுங்கள். விட்டுப்போன அரைப்புள்ளி, எழுத்துப் பிழையுள்ள பெயர், தவறான அலகு, வேறு பிரிவில் வைத்த செட்டிங், இரண்டு முறை வந்த செட்டிங், யாமல் (இடைவெளியால் அடுக்கு காட்டும் கான்ஃபிக் வடிவம்) கோப்பில் டேப், வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்ததால் வந்த வளைந்த மேற்கோள்குறி, இல்லாத இன்க்ளூட் கோப்பு. பழைய கேள்விகளைப் புரட்டினால் மீதியை அவையே தரும்.

ஒவ்வொன்றையும் ஓட்டி, இப்போது என்ன செய்தி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தவறு நடந்த இடமும் செய்தி காட்டும் இடமும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பது இப்போதுதான் தெரியும்.

என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வரியில் "லிசன் 80" என்று எழுதி அரைப்புள்ளியை விட்டுவிட்டு, மூன்றாம் வரியில் "சர்வர்_நேம்" எழுதுங்கள். அங்கே புதிய வரி என்பது வெறும் இடைவெளி. அரைப்புள்ளி வரும்வரை எல்லாமே லிசனின் பாராமீட்டர்தான். அதனால் "சர்வர்_நேம் என்பது தவறான பாராமீட்டர்" என்று மூன்றாம் வரியைக் காட்டும். புதியவர் மூன்றாம் வரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அதில் ஒரு குறையும் இருக்காது. பைண்ட் டிஎன்எஸ் சர்வரில் இதே போன்ற தவறுக்கு "இன்ன சொல்லுக்கு முன் அரைப்புள்ளி இல்லை" என்ற செய்தி வரும். முன்னது பார்சருக்கு வந்த குழப்பத்தைச் சொல்கிறது. பின்னது பயனர் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. உங்கள் தொகுப்பில் முன்னதைப் போன்றவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வேலையின் அளவு புரிந்துவிடும்.

2. வரி எண்ணைத் தொலைக்காமல் கடைசிவரை கொண்டுபோங்கள்

இதுதான் மொத்த வேலையின் முதுகெலும்பு. பெரும்பாலான நேரமும் இங்கேதான் போகும்.

கான்ஃபிக்கைப் படிப்பது இரண்டு கட்டம். முதலில் பார்சர் எழுத்துகளை மதிப்புகளாக மாற்றுகிறது. பிறகு அந்த மதிப்புகள் சரிதானா என்று நீங்கள் சோதிக்கிறீர்கள். முதல் கட்டத்தில் வரும் தவறுக்கு வரி எண் தானாகக் கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் கிடைக்காது, ஏனென்றால் அதற்குள் எல்லாமே ஸ்ட்ரக்டாகவோ டிக்ஷனரியாகவோ மாறியிருக்கும். போர்ட் எண் எல்லை மீறி 70000 என்று இருப்பது தெரியும். அது எந்தக் கோப்பில் எந்த வரியில் எழுதப்பட்டது என்பது போயே போய்விட்டது.

பைத்தானின் ஜேசன் நூலகம் இதற்கு நல்ல உதாரணம். காற்புள்ளி தவறினால் வரி, நெடுவரிசை இரண்டையும் சொல்லும். கோப்பு ஒழுங்காகப் படிக்கப்பட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் டிக்ஷனரி. அதில் இடம் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

வழி இதுதான்: மதிப்போடு கூடவே கோப்பின் பெயர், வரி, நெடுவரிசை மூன்றையும் சேர்த்து வையுங்கள். சோதனைகள் முழுதும் முடிந்த பிறகுதான் வெறும் மதிப்பாக மாற்ற வேண்டும். கோ மொழியில் யாமல் வி3 நூலகத்தின் நோடு அமைப்பில் வரியும் நெடுவரிசையும் இருக்கின்றன. நேரே ஸ்ட்ரக்டுக்குள் கொட்டாமல் நோடாக வாங்கிக்கொள்ளலாம். பைத்தானில் பையாமலின் "லோடு"க்குப் பதில் "கம்போஸ்" அழைத்தால் ஒவ்வொரு நோடுக்கும் தொடக்க இடம் கிடைக்கும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில:

இன்க்ளூட். எல்லாப் பிழைக்கும் தாய்க் கோப்பின் பெயரையே அச்சிடுகிறவர்கள் உண்டு. மதிப்பு எந்தக் கோப்பில் எழுதப்பட்டதோ அந்தப் பெயர்தான் வேண்டும். அதை எந்தக் கோப்பின் எந்த வரி இழுத்து வந்தது என்பதையும் அடுத்த வரியில் சொல்லுங்கள்.

கோப்பிலிருந்து வராத மதிப்பு. என்விரான்மென்ட் வேரியபிளோ கமாண்ட் லைனோ கோப்பில் உள்ளதை மாற்றியிருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், கோப்பில் 8080 என்று சரியாக எழுதி வைத்திருப்பவரிடம் "80800 தவறு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு முறை வந்த செட்டிங். இரண்டாவது இடத்தை மட்டும் காட்டினால் போதாது. முதல் இடத்தையும் காட்டுங்கள். பயனர் அழிக்க நினைப்பது பெரும்பாலும் தான் மறந்துபோன அந்த முதல் வரியைத்தான். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் (எஸ்எஸ்ஹெச்டி) முதலில் வந்த மதிப்பே நிற்கும், பின்னது சத்தமில்லாமல் விடப்படும். உபுண்டுவில் இன்க்ளூட் வரி கோப்பின் தலையில் இருப்பதால், கடவுச்சொல் நுழைவை மூட எண்ணிக் கடைசியில் ஒரு வரி சேர்ப்பவர் அது மூடியதாகவே நம்பிவிடுவார், இன்க்ளூட் செய்த கோப்பு திறந்து வைத்திருந்தாலும். பிழைச்செய்தி வர வேண்டிய இடத்தில் எதுவுமே வராமல் இருப்பது இன்னும் ஆபத்து.

நெடுவரிசைக் கணக்கு. தமிழில் கமென்டோ மதிப்போ எழுதிய கோப்புகளை வைத்துச் சோதித்தால் இது உடனே பிடிபடும். "தமிழ்" என்ற சொல் திரையில் மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட். பைட்டை எண்ணி அம்புக்குறி போடும் நிரல், தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால் வரும் தவறை எங்கோ வலது ஓரத்தில் காட்டும். யூனிகோடு குறியீடுகளை எண்ணுவது பரவாயில்லை, ஆனால் அதுவும் டெர்மினலில் சரியாக உட்காராது. என் யோசனை: அம்புக்குறியை மட்டும் நம்பாதீர்கள். குற்றமுள்ள சொல்லையே மேற்கோளுக்குள் அச்சிடுங்கள்; எந்த மொழியிலும் அது பிசகாது. அம்புக்குறி வைத்தே தீருவதென்றால், மூல வரியில் உள்ள டேப்பை அம்புக்குறி வரியிலும் டேப்பாகவே வையுங்கள்.

3. தவறுகளை வகை பிரியுங்கள்

எல்லாத் தவறையும் ஒரே "கான்ஃபிக் எரர்" வகைக்குள் அடைத்தால், ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தகவல் வேறு என்பது மறந்துபோகும்.

கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் முழுப் பாதையைச் சொல்லுங்கள், சார்புப் பாதையை அல்ல. கோப்பு இல்லையா, அனுமதி இல்லையா என்பதைப் பிரியுங்கள். அனுமதி இல்லை என்றால் நிரல் எந்தப் பயனராக ஓடுகிறது என்பதும் வேண்டும், ஏனென்றால் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக) கேட் கட்டளை அடித்துப் பார்ப்பவருக்குக் கோப்பு நன்றாகவே தெரியும்.

இலக்கணத் தவறுக்கு எது எதிர்பார்க்கப்பட்டது என்பது முக்கியம். மூடாத அடைப்புக்கு, கோப்பின் கடைசி வரி எண்ணைச் சொல்வதில் பயன் குறைவு. திறந்த இடத்தின் வரி எண்ணைச் சொல்லுங்கள். பார்சரில் திறந்த அடைப்புகளை ஸ்டாக்கில் போடும்போதே வரி எண்ணையும் சேர்த்துப் போட்டால் போதும்.

தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் முரண் என்ற வகைக்கு இரண்டு இடம் வேண்டும். டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) ஆன் செய்த வரி ஒன்று, சான்றிதழ் இருக்க வேண்டிய பிரிவு இன்னொன்று.

கடைசி வகை கான்ஃபிக் தவறே அல்ல. போர்ட்டை வேறு நிரல் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க உரிமை இல்லை. இதைக் கான்ஃபிக் பிழை என்று சொன்னால் பயனர் சரியான கோப்பைக் கெடுத்து வைப்பார். "கோப்பில் கேட்டபடி 80ஐத் திறக்கப் பார்த்தேன், இயங்குதளம் மறுத்தது" என்ற பொருள் வரட்டும்.

4. இப்போது வாக்கியத்தை எழுதுங்கள்

நான்கு துண்டுகள், இதே வரிசையில்: எங்கே, என்ன எழுதியிருக்கிறது, எது வேண்டும், என்ன செய்யலாம்.

முன்பு:

கான்ஃபிக் படிக்க முடியவில்லை: தவறான மதிப்பு

பின்பு:

சர்வர்.கான்ஃப்:14:12: "காத்திருப்பு" செட்டிங்கில் "30" என்று இருக்கிறது, அலகு இல்லை
வேண்டியது: எண்ணும் அலகும் (மிசெ, செ, நி)
30 வினாடி என்றால் "30செ" என்று எழுதவும்

கோப்பு, வரி, நெடுவரிசை மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்து வரியின் தொடக்கத்தில் வையுங்கள். ஜிஎன்யு கம்பைலர்கள் காலங்காலமாகப் பின்பற்றும் வடிவம் இது. விம், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்கள் இதைப் புரிந்துகொண்டு அந்த வரிக்கே தாவும்.

போஸ்ட்கிரெஸ் இதில் பார்த்துக் கற்க வேண்டிய டேட்டாபேஸ் மென்பொருள். முதன்மைச் செய்தி, விவரம், குறிப்பு என்று மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நினைவக அளவுக்கு அலகு தவறினால், செல்லும் அலகுகள் எவை என்று குறிப்பு வரியில் பட்டியலே தரும். அங்கே கிலோபைட்டைச் சிறிய கே, பெரிய பி என்றுதான் எழுத வேண்டும். "அலகு தவறு" என்று மட்டும் சொல்லியிருந்தால் இதை ஊகிக்கவே முடியாது.

மதிப்பை எப்போதும் மேற்கோளுக்குள் காட்டுங்கள். கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளி அப்போதுதான் கண்ணில் படும். கண்ணுக்கே தெரியாத எழுத்துகளைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: உடையாத இடைவெளி, கோப்பின் தலையில் வரும் பிஓஎம் (யூனிகோடு கோப்பு என்று காட்டும் மறை குறி), விண்டோஸ் வரிமுடிவு. "எதிர்பாராத எழுத்து" என்று சொல்லி அந்த எழுத்தையே அச்சிட்டால் திரையில் ஒன்றும் இருக்காது.

பயனர் எழுதியதும் நிரல் புரிந்துகொண்டதும் வேறாக இருந்தால் இரண்டையும் காட்டுங்கள். யாமலின் 1.1 விதிப்படி மேற்கோள் இல்லாத "நோ" என்ற ஆங்கிலச் சொல் பொய் என்ற மதிப்பாகிவிடும். பதிப்பு எண் 1.20 என்று எழுதினால் 1.2 ஆகிவிடும். "சரம் வேண்டும், பூலியன் வந்தது" என்ற செய்தி, சரம்தானே எழுதினேன் என்று நம்புகிறவருக்கு எதையும் விளக்காது. "நீங்கள் எழுதியதை யாமல் பொய் என்று எடுத்துக்கொண்டது; மேற்கோளுக்குள் போடவும்" என்பது விளக்கும்.

இன்னொன்று, கோடுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்ட் பெயரும் டைப் பெயரும் செய்தியில் தலைகாட்டக் கூடாது. பயனர் பார்த்தது கோப்பில் உள்ள பெயரைத்தான்.

5. பக்கத்துப் பெயரைச் சுட்டுங்கள், ஆனால் கவனமாக

தெரியாத பெயர் வந்தால், பட்டியலில் அதற்கு மிக நெருங்கிய பெயரைச் சொல்லலாம். லெவன்ஷ்டைன் தூரம் (ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்து மாற்ற வேண்டும் என்ற கணக்கு) போதும்; முப்பது வரி கோடு. சுமையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் ஹெச்ஏபிராக்ஸி இப்படி "இதையா சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்கிறது.

தூரம் ஒன்று அல்லது இரண்டைத் தாண்டினால் யோசனை சொல்லாதீர்கள். சம்பந்தமில்லாத யோசனை, யோசனையே இல்லாததைவிடக் கெடுதல். புதியவர் அதை அப்படியே நம்பி எழுதிவிடுவார். அதே காரணத்துக்காக, நீங்களே திருத்திக்கொண்டு மேலே ஓடவும் வேண்டாம்.

நெருங்கிய பெயரைத் தேடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெயர் வேறு பிரிவில் செல்லுமா? பழைய பதிப்பில் இருந்து பெயர் மாறியதா? நிறுவப்படாத மாட்யூலுக்கு உரியதா? இந்த மூன்றில் ஒன்று ஆம் என்றால் அதுவே சரியான பதில். அப்பாச்சி வலை சர்வர் "எழுத்துப் பிழையாக இருக்கலாம், அல்லது சேர்க்காத மாட்யூலில் உள்ளதாக இருக்கலாம்" என்று இரண்டையும் ஒரே செய்தியில் சொல்கிறது. உங்கள் அட்டவணையில் மாட்யூல் பெயரும் இருந்தால் ஊகமே வேண்டாம். எந்த மாட்யூல் என்று நேரே சொல்லிவிடலாம்.

தெரியாத பெயரை எச்சரித்துவிட்டு விடுவதா, நிற்பதா? லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி எச்சரித்துவிட்டு மேலே போகிறது. பழைய பதிப்பிலும் புதிய யூனிட் கோப்பு (ஒரு சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) ஓட வேண்டும் என்பதால் அதற்கு அது பொருந்தும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட செட்டிங் உள்ள சர்வருக்கு நின்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஓரெழுத்துப் பிழையால் ஒரு கட்டுப்பாடு செயல்படாமல் போவதைவிட, சர்வர் எழாமல் இருப்பது மேல்.

6. எல்லாத் தவறையும் ஒரே தடவையில் சொல்லுங்கள்

ஐந்து தவறுக்கு ஐந்து முறை ரீஸ்டார்ட் செய்ய வைக்காதீர்கள். மதிப்புச் சோதனையில் கிடைக்கும் பிழைகளையெல்லாம் ஒரு பட்டியலில் சேர்த்து, கோப்பு, வரி வாரியாக அடுக்கி அச்சிடுங்கள்.

இலக்கணத் தவறு மட்டும் விதிவிலக்கு. ஒரு அடைப்பு விட்டுப்போனால் அதற்குப் பின் வருவதெல்லாம் பொய்ப் பிழைகளாக இருக்கும். அந்தக் கோப்பில் முதல் தவறோடு நிறுத்திவிடுங்கள்.

7. சோதனை முறை, எக்ஸிட் கோடு, ரீலோடு

சர்வரைக் கிளப்பாமல் கோப்பை மட்டும் சோதிக்க ஒரு வழி வையுங்கள். என்ஜின்எக்ஸிலும் எஸ்எஸ்ஹெச்டியிலும் "-டி", ஹெச்ஏபிராக்ஸியில் "-சி", அப்பாச்சியில் "கான்ஃபிக்டெஸ்ட்" என்று பழகியவர்கள் உங்கள் மென்பொருளிலும் அதைத் தேடுவார்கள். சோதனை முறைக்கென்று தனியாகக் கோடு எழுதாதீர்கள். சர்வர் எழும்போது ஓடும் அதே பாதையே ஓட வேண்டும். இல்லாவிட்டால் சோதனை தேறிய கோப்பு நிஜத்தில் விழும்.

செய்தியை ஸ்டான்டர்ட் எரரில் (நிரலின் பிழை வெளியீட்டு வழியில்) எழுதுங்கள். லாக் கோப்பின் பாதையே கான்ஃபிக்கில்தான் இருக்கிறது. கான்ஃபிக் படிக்காதபோது லாகில் எழுதுவது எங்கே? இந்த இடத்தில் செய்தி காணாமலே போகும் மென்பொருட்கள் நிறைய. ஸ்டான்டர்ட் எரரில் எழுதினால் சிஸ்டம்டியின் ஜர்னல் (லாக் பதிவேடு) பிடித்துக்கொள்ளும்.

கான்ஃபிக் தவறுக்குத் தனி எக்ஸிட் கோடு (நிரல் முடியும்போது இயங்குதளத்திடம் தரும் எண்) கொடுங்கள். பிஎஸ்டி மரபில் 78 இதற்கென்றே இருக்கிறது. சிஸ்டம்டி யூனிட் கோப்பில் "ரீஸ்டார்ட்பிரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸ்" செட்டிங்கில் 78ஐக் கொடுத்தால், திருத்தும்வரை சரியாகாத ஒரு தவறுக்காகச் சர்வர் மீண்டும் மீண்டும் எழுந்து விழாது. ஜர்னலில் ஒரே செய்தி பலமுறை குவிந்து மற்றவற்றை மறைக்காது.

ரீலோடின்போது (சர்வரை நிறுத்தாமல் கான்ஃபிக்கை மீண்டும் படிக்கும்போது) தவறு வந்தால் பழைய கான்ஃபிக்கிலேயே ஓட்டத்தைத் தொடருங்கள். என்ஜின்எக்ஸ் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதைச் செய்தியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "புதிய கான்ஃபிக் ஏற்கப்படவில்லை, பழையதே நடப்பில் உள்ளது." போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், கோப்பில் உள்ள வரிகளையும் அவற்றில் உள்ள பிழைகளையும் ஒரு வியூவாகவே (டேபிள் போல) பார்க்க முடிகிறது. ரீலோடு செய்யுமுன் பார்த்துக்கொள்ளலாம்.

8. ரகசியங்களை மறையுங்கள்

மூல வரியை அப்படியே அச்சிடும் வசதி கடவுச்சொல்லையும் அச்சிடும், அது ஜர்னலில் தங்கும். அட்டவணையில் ரகசியம் என்று குறித்த செட்டிங்குகளுக்குப் பெயரும் இடமும் மட்டும் காட்டுங்கள். டேட்டாபேஸ் இணைப்பு முகவரிக்குள்ளும் கடவுச்சொல் ஒளிந்திருக்கும். அதையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

9. செய்திகளுக்கும் டெஸ்ட் எழுதுங்கள்

முதல் படியில் சேர்த்த ஒவ்வொரு பழுதான கோப்புக்கும் பக்கத்தில், வர வேண்டிய செய்தியை ஒரு கோப்பாக வையுங்கள். டெஸ்ட் இரண்டையும் ஒப்பிடட்டும். பார்சரை மாற்றும்போது வரி எண் ஒன்று தள்ளிப்போவது இங்கேதான் பிடிபடும். யூனிட் டெஸ்ட்டில் "பிழை வந்ததா" என்று மட்டும் பார்க்கிறவர்கள் இதை ஒருபோதும் கவனிப்பதில்லை.

பிறகு, கோடு எழுதாத ஒருவரிடம் அந்தச் செய்தியையும் கோப்பையும் மட்டும் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் கர்சரை வைக்கிறார் என்று பாருங்கள். தவறான வரியில் வைத்தால் செய்திதான் திருத்தப்பட வேண்டும். விளக்கம் சொல்லப் போகாதீர்கள். நிஜத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

ஏற்கெனவே பலர் பயன்படுத்தும் மென்பொருளில் இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்றால், பழைய வாக்கியத்தைக் கிரெப் கட்டளையால் தேடிப் பிடித்து எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டுகள் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வாக்கியத்தோடு மாறாத ஒரு குறியீடும் வையுங்கள். அப்பாச்சி 2.4இல் இலக்கணப் பிழைக்கு "ஏஹெச்00526" என்று முன்னால் வருவது இதற்குப் பொருத்தமான முன்மாதிரி. குறியீட்டை முதல் வெளியீட்டில் சேர்த்து, ஸ்கிரிப்டுகளை அதற்கு மாற்றிக்கொள்ளும்படி வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். வாக்கிய மாற்றங்கள் அதற்கு அடுத்த வெளியீட்டில் வரட்டும்.